கையால் நடந்த தூரம்

அக்காவுக்கு 55 வயதில்தான் லைசென்ஸ் கிடைத்தது. பிரான்சில் முதலில் எழுத்துத் தேர்வு. 40 கேள்விகளில் 35 சரியாக இருக்கவேண்டும். மூன்று தடவை 32, 34, 33 என்று வாங்கி நான்காவது தடவை தேறினாள். ஓட்டிக் காட்டும் தேர்வில் இரண்டு தடவை தோற்றாள். ஒவ்வொரு தடவையும் எனக்கு வாட்ஸப்பில் ஒரே ஒரு வார்த்தை வரும்: "ஊத்திக்கிச்சு." 2021இல் ஒரு நாள், பழைய ரெனோ கிளியோ ஒன்றின் பக்கத்தில் நின்று எடுத்த படம் வந்தது. சிரிக்கவில்லை. ஆதார் கார்டுப் படத்தில் முறைப்பதுபோல முறைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்கடுத்த வருடக் கடைசியில் கூப்பிட்டாள். "பனிமலையப் பாக்கணும். அப்படியே கடலையும் பாத்துட்டு வரணும். வண்டியிலேயே போவோம். செமஸ்டர் லீவுல வர்றியா?"

"குளிர்காலத்துலயா?"

"வேற எப்பப் பனியப் பாக்குறது? 36 வருஷமா இந்த நாட்டுல இருக்கேன். எனக்குத் தெரிஞ்சது வீடு, ஆபீஸ், லா சப்பேல் கடைத்தெரு, அப்புறம் லூர்து மாதா கோயில். அதுக்கும் பஸ்ஸுல அத்தானோடதான் போனேன்."

அக்கா என்றால் என் பெரியம்மா மகள். என்னைவிட 11 வயது மூத்தவள். ஆபீஸ் என்று அவள் சொன்னது விடியற்காலை நாலரை மணிக்குப் போய்க் கூட்டித் துடைத்த ஆபீஸ்களை. அந்த வேலைக்குப் பிரெஞ்சில் மெனாழ் என்று பெயர். காரைக்காலில் இருந்த எங்களுக்கு அந்தச் சொல் வந்து சேர இருபது வருடம் ஆனது. அதுவரை, "அவ பாரிஸ்ல ஆபீஸுல இருக்கா" என்றுதான் பெரியம்மா தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார். பொய்யில்லை.

காரைக்காலுக்கு வெளியே உள்ளவர்களுக்கு இந்தக் கல்யாணங்களைக் கொஞ்சம் விளக்கவேண்டும். 1739இல் தஞ்சை மராத்திய அரசரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பெற்ற ஊர் இது. 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு முடிந்தது 1962 ஆகஸ்ட் 16இல். அந்த ஒப்பந்தத்தின்படி, இங்கே பிறந்தவர்களில் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்கவேண்டும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த 'சொல்தா' குடும்பங்கள் பலவும் எழுதிக்கொடுத்தன. அவர்களுடைய பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அந்தக் குடியுரிமை சொத்துபோல இறங்கிவந்தது. மற்ற ஊர்களில் மாப்பிள்ளைக்கு நிலம் எத்தனை மா என்று கேட்பார்கள். எங்கள் ஊரில் "நேஷனாலிட்டி இருக்கா" என்று கேட்பார்கள். 1986இல் இருபது வயதான அக்காவுக்கு அப்படி ஒரு மாப்பிள்ளை வந்தார். நகை, சீர் எல்லாம் வழக்கத்தைவிட இரண்டு பங்கு. அரசலாற்றைத் தாண்டித் தனியாகப் போயிராதவள், மீனம்பாக்கத்தில் விமானம் ஏறினாள்.

2023 ஜனவரி முதல் வாரம் பாரிஸின் வடக்குப் புறநகரில் இருந்து கிளம்பினோம். நவம்பர் முதல் மார்ச் வரை மலைப்பகுதிகளில் பனி டயரோ சங்கிலியோ கட்டாயம் என்று சட்டம் வந்திருக்கிறது. அக்கா நான்கு டயரையும் மாற்றியிருந்தாள். டிக்கியில் புளிசாதம், இட்லிப்பொடி, ஒரு மண்வெட்டி. "எதுக்கு மண்வெட்டி?" "பனியில வண்டி மாட்டினா வெட்டி எடுக்கணும்ல. யூடியூப்ல பாத்தேன்."

முதல் முந்நூறு கிலோமீட்டரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நெடுஞ்சாலை எங்கும் நெடுஞ்சாலைதான். லாரிகள் தாண்டும்போது அக்கா தோளை உயர்த்தி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிப்பாள். பிடித்த கையை அடிக்கடி ஒவ்வொன்றாக எடுத்து உதறுவாள். முப்பது வருடம் மாப்பு பிழிந்ததில் இரண்டு மணிக்கட்டிலும் நரம்பு நசுங்கி ஆபரேஷன் ஆனவள். கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் இன்னும் மரத்துப்போகுமாம். நான் ஓட்டித்தருகிறேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. காரைக்காலில் ஸ்கூட்டியோடு என் திறமை முடிந்துவிட்டது.

நான்துவாவைத் தாண்டியதும் மலைகள் வந்தன. சாலை ஒரு சுரங்கத்தில் நுழைந்து பாலத்தில் வெளிப்பட்டு மறுபடி சுரங்கத்தில் நுழைந்தது. பாலத்தின் இரு பக்கமும் மரங்கள் வெள்ளை. எனக்கு அப்போது ஒரு வேடிக்கையான சங்கடம். தமிழ் சொல்லித்தருவதுதான் என் பிழைப்பு. ஆனால் கண்ணெதிரே இருப்பதற்கு வார்த்தை இல்லை. மார்கழி விடியலில் கோலத்தின்மேல் இறங்குவதும் பனி, புல் நுனியில் நிற்பதும் பனி, வானத்தில் இருந்து பஞ்சாய் விழுவதும் பனி, கல்லாய் உறைந்ததும் பனி. முன்பனிக்காலம், பின்பனிக்காலம் என்று ஆறில் இரண்டு பருவத்தைப் பனிக்கே கொடுத்தவர்கள் நாம். அந்தப் பனியெல்லாம் வெயில் ஏறினால் காய்ந்துவிடும். அக்காவுக்குச் சங்கடமே இல்லை. விழுந்தால் நேஜ், உறைந்தால் கிளாஸ். "உன் தமிழ்ல தேடிக்கிட்டு இரு. எனக்கு ரோட்டுல கிளாஸ் இருக்கான்னு தெரிஞ்சாப் போதும்."

ஷமோனியில் இறங்குவதற்கு முன்பே சாலையின் வலப்பக்கம், மோன் பிளாங் சரிவில், நாக்கைத் தொங்கவிட்டதுபோல ஒரு பனியாறு தெரிந்தது. போசோன். இந்தப் பனியாற்றுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1966 ஜனவரி 24 காலை, பம்பாயில் இருந்து நியூயார்க் போகும் வழியில் ஏர் இந்தியாவின் 'கஞ்சன்ஜங்கா' விமானம் இந்த மலையில் மோதியது. ஹோமி பாபா உட்பட 117 பேரும் இறந்தார்கள். பதினைந்து வருடத்துக்கு முன்பு, 1950 நவம்பரில், 'மலபார் பிரின்சஸ்' என்ற இன்னொரு ஏர் இந்தியா விமானமும் இதே மலையில்தான் விழுந்தது. பனியாறு ஓடுவது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஓடுகிறது. மேலே விழுங்கியதைப் பல பத்தாண்டுகள் கழித்துக் கீழே கொண்டுவந்து போடுகிறது. 2020 ஜூலையில் பனி உருகிய இடத்தில் ஒருவருக்கு ஒரு கட்டு இந்தியச் செய்தித்தாள்கள் கிடைத்தன. 1966 ஜனவரி இதழ்கள். இந்திரா காந்தி பிரதமராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தி அவற்றில் இருந்தது. அவர் பதவியேற்றதும் அதே ஜனவரி 24. ஒரு பெண் நாட்டின் தலைமைக்கு வந்த செய்தி 54 வருடம் பனிக்குள் கிடந்து, படிக்கும் நிலையிலேயே வெளியே வந்திருக்கிறது.

"66ஆ? நான் பொறந்த வருஷம்" என்றாள் அக்கா. கொஞ்ச நேரம் கழித்து, "நான் அவ்வளவு நல்லா இல்ல" என்றாள்.

மறுநாள் மலைமேல் போகும் சிவப்பு ரயிலில் மோன்தான்வேருக்கு ஏறினோம். இருபது நிமிடம். 1913 மீட்டர் உயரம். அங்கிருந்து கீழே பார்த்தால் மெர் தெ கிளாஸ். பனிக்கடல் என்று பொருள். பிரான்சின் மிகப் பெரிய பனியாறு. கடல் என்ற பெயரை நம்பி வந்தவர்களுக்கு முதலில் ஏமாற்றம்தான். ஆழமான பள்ளத்தாக்கின் அடியில், கல்லும் மண்ணும் மூடிய சாம்பல் நிறத்தில், அது எங்கோ கிடக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் இந்தப் பனி கீழே ஊர்களை நோக்கி வளர்ந்துகொண்டே வந்ததாம். 1644இல் பிஷப் ஒருவர் ஊர் மக்களோடு ஊர்வலமாக வந்து, திரும்பிப்போ என்று ஜெபம் செய்திருக்கிறார். இப்போது அது திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. யார் ஜெபம் செய்து நிறுத்துவது என்று தெரியவில்லை.

அப்போது ரோப் காரில் இறங்கினாலும் பனியைத் தொட முடியவில்லை. அதற்கப்புறம் பாறையில் அடித்த இரும்புப் படிகள். 1988இல் இந்த ரோப் கார் போட்டபோது இறங்கவேண்டிய படிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நாங்கள் போனபோது ஐநூறுக்கு மேல். வழியெங்கும் பாறையில் பலகைகள்: இந்த வருடம் பனியின் மட்டம் இது. மேலே 1985. கொஞ்சம் இறங்கினால் 1990. அதற்குக் கீழே இடைவெளி பெரிதாகிக்கொண்டே போகிறது. ஏதோ வீட்டுச் சுவரில் பிள்ளை வளர்ந்த உயரத்தைக் கோடு போட்டு வைப்பதுபோல, ஆனால் தலைகீழாக.

1990 பலகையில் அக்கா நின்றுவிட்டாள். மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்தேன். "இந்த வருஷம் நான் ஊருக்கு வந்தேன்ல" என்றாள். அதற்குமேல் அப்போது எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கீழே போய்ப் பனியைத் தொட்டோம். கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையை வைத்தாள். "மரத்த கைக்கு இது பரவாயில்ல" என்றாள்.

ஏறுவதுதான் கஷ்டம். பாதிக்குமேல் அக்காவின் முட்டி ஒத்துழைக்கவில்லை. குனிந்து, மேல் படியில் இரண்டு கையையும் ஊன்றி, நாலு காலில் ஏறினாள். பனிச்சறுக்குக் கட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு இளைஞர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒரு திருப்பத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்:

"நீ அந்த மகளிர் தினக் கூட்டத்துல பேசின வீடியோ பாத்தேன். காரைக்கால் அம்மையார் கையால நடந்து கைலாசம் போனாங்க, அது ஆம்பள உலகத்தையே தலைகீழாக்கின நடைன்னு சொன்னியே. கை என்னாச்சு?"

"எந்தக் கை?"

"அந்தம்மா கை. காரைக்கால்லேருந்து கைலாசம் வரைக்கும் கையால போனா கை என்ன ஆகும்? யாராச்சும் எழுதியிருக்காங்களா?"

பெரியபுராணத்தில் அம்மையாரைப் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கியவள் நான். 300 பக்கத்துக்கு மேல். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை, நேர்முகத் தேர்வில் இருந்த யாருக்கும் தோன்றியதில்லை. சேக்கிழார், கயிலையில் கால் படக்கூடாது என்று அம்மையார் தலையால் நடந்ததாகச் சொல்கிறார். ஓவியர்களும் ஊர்க்கதைகளும் அதைக் கையூன்றிய நடையாக்கிக்கொண்டன. உமை அதைக் கண்டு வியக்கிறாள், இறைவன் 'அம்மையே' என்று அழைக்கிறான். கை காய்த்ததா, தோல் உரிந்ததா என்பது புராணத்தின் கவலையில்லை. அம்மையாரின் சொந்தப் பாட்டுகளில் பார்க்கலாம் என்றால், அங்கே கைலாசப் பயணமே இல்லை. மாங்கனியும் இல்லை, கணவனும் இல்லை. அற்புதத் திருவந்தாதியின் 101 பாட்டிலும், இரட்டை மணிமாலையிலும், ஆலங்காட்டுப் பதிகங்களிலும் அவர் எழுதாத வாழ்க்கையை, ஏறத்தாழ 600 வருடம் கழித்து ஒரு ஆண் எழுதினார். அவர் எழுதியது சுடுகாட்டை. கள்ளி, விறகு, நெருப்பு, நரி. அங்கே திரியும் பெண்பேயின் உடம்பை அவர் வர்ணிக்கும் பாட்டு ஒன்று உண்டு: சுருங்கிய மார்பு, மேலெழும்பிய நரம்பு, பள்ளமாகிப்போன வயிறு, நீண்ட கணைக்கால். கையைப் பற்றி அந்தப் பாட்டிலும் ஒன்றுமில்லை.

"இல்லக்கா. யாரும் எழுதலை" என்றேன்.

"அதான பாத்தேன்" என்று எழுந்து, மறுபடி கையை ஊன்றினாள்.

அன்று மாலை ஊருக்குள் சுற்றியபோது ஒரு காப்பிக்கடையில் அக்காவுக்கு இரண்டு பெண்களின் கதையைச் சொன்னேன். மோன் பிளாங் உச்சியில் முதலில் ஏறிய பெண் மாரி பாரதி. இந்த ஊரில் வேலைக்காரியாக இருந்தவள். 1808இல் வழிகாட்டிகள் அவளைக் கூட்டிப்போனார்கள். பாதி வழிக்குமேல் முடியாமல், பனி வெடிப்புக்குள் என்னைத் தள்ளிவிட்டுப் போங்கள் என்றாளாம். இழுத்தும் தூக்கியும் உச்சிக்குக் கொண்டுபோனார்கள். முப்பது வருடம் கழித்து, 1838 செப்டம்பரில், ஆன்ரியத் தான்ஜவீல் என்ற உயர்குடிப் பெண் தன் 44 வயதில், தானே தைக்கச்சொன்ன கால்சட்டையோடு, சொந்தக் காசில் வழிகாட்டிகளை அமர்த்திக்கொண்டு ஏறினாள். அதனால் உண்மையில் ஏறிய முதல் பெண் அவள்தான் என்பார் உண்டு. இறங்கிவந்தபின் விருந்துக்கு மாரி பாரதியையும் அழைத்திருக்கிறாள்.

நான் ஆன்ரியத்தின் பக்கம். அவளுக்குக் கிட்டத்தட்ட என் வயது, நோட்டுப்புத்தகமும் வைத்திருந்தாள். அக்கா மாரியின் பக்கம். "இழுத்துட்டுப் போனாலும் மூச்சு அவதானே விட்டா? குளிரு அவளுக்குத்தானே?" காப்பியைக் குடித்துவிட்டுச் சொன்னாள்: "என்னையும்தான் இழுத்துட்டுப் போனீங்க."

அந்தக் கதை எனக்குத் தெரியும். தெரியாததுபோல 32 வருடம் இருந்துவிட்டேன்.

1990இல் எனக்கு 13 வயது. அக்கா இரண்டு வயதுப் பையனோடு வந்தாள். எனக்கு ஒரு சென்ட் பாட்டிலும் ஒரு பெட்டி சாக்லேட்டும் கொண்டுவந்தாள். ஒரு மாதத்துக்கென்று வந்தவள் மூன்று மாதம் ஆகியும் போகவில்லை. அத்தான் குடித்துவிட்டு அடிப்பதையும், சம்பளத்தை வாங்கிக்கொள்வதையும், பாஸ்போர்ட்டைப் பூட்டி வைப்பதையும் பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். திரும்பிப் போகமாட்டேன், இங்கேயே டெய்லரிங் கற்றுக்கொண்டு பிழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். ஆண்கள் அதிகம் பேசவில்லை. பேசியது பெரியம்மாவும் என் அம்மாவும் அத்தைமாரும். கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து, அதட்டாமல், அழுதபடி பேசினார்கள். உன் தங்கச்சிகளை யார் கட்டுவார்கள், பிள்ளையின் நேஷனாலிட்டி என்ன ஆகும், எங்கேதான் அடிக்கவில்லை. நான் கதவோரம் நின்று சாக்லேட் தின்றுகொண்டிருந்தேன். கடைசியில் அம்பாசடர் கார் வந்தது. சென்னை விமான நிலையம் வரைக்கும் ஏழெட்டுப் பேர் நெருக்கியடித்துக்கொண்டு வழியனுப்பப் போனோம். எனக்கு அக்காவின் மடியில் இடம். சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று வழிநெடுக அவள் கை என் இடுப்பைச் சுற்றி இருந்தது. விமானத்தைப் பார்க்கப்போகிறோம் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

பெரியபுராணத்தில் இதே காட்சி உண்டு. பரமதத்தன் கப்பலேறிப் போய், பாண்டிய நாட்டில் வேறொருத்தியை மணந்து, மகளுக்குப் புனிதவதி என்றே பெயர்வைத்து வாழ்கிறான். சேதி தெரிந்ததும் சுற்றத்தார் கூடிப் புனிதவதியைச் சிவிகையில் ஏற்றி, தோழியர் சூழக் கொண்டுபோய் அவனிடம் சேர்க்கிறார்கள். அவளிடம் யாரும் கேட்டதாகச் செய்தி இல்லை. அங்கே அவன் அவள் காலில் விழுந்தபிறகுதான், இந்தத் தசை இனி யாருக்கு என்று அவள் உடம்பை உதறிப் பேயுரு கேட்கிறாள். சிவிகை தூக்கிய சுற்றத்தாரைப் பற்றி என் ஆய்வேட்டில் ஒரே ஒரு பத்தி எழுதியிருந்தேன். "குடும்ப அமைப்பின் அழுத்தம்" என்ற தொடரோடு அது முடிந்துவிடும். அம்பாசடரில் யார் மடியில் உட்கார்ந்திருந்தேன் என்பது எழுதும்போது ஞாபகத்துக்கு வரவே இல்லை. மாங்கனித் திருவிழாவில் அம்மையாரின் பல்லக்கு வரும்போது கன்னத்தில் போட்டுக்கொள்கிறவள்தான் நான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நான் எம்.ஏ. படித்தது, விடுதியில் தங்கி ஆய்வு செய்தது, எல்லாம் மாதாமாதம் பாரிஸில் இருந்து வந்த பணத்தில். அத்தானுக்குத் தெரியாமல் அக்கா இன்னொரு வீட்டில் மாலை வேலை பார்த்து அனுப்பிய பணம். ஆய்வேட்டின் நன்றியுரையில் நெறியாளர், நூலகர், அப்பா அம்மா, தட்டச்சு செய்தவர் எல்லோரும் இருக்கிறார்கள். அக்கா இல்லை. அன்றிரவு ஷமோனி அறையில் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து இதை அவளிடம் சொன்னேன். வெளியே மைனஸ் எட்டு.

"தெரியும். புத்தகமா வந்ததும் அனுப்பினியே, மொதல்ல அந்தப் பக்கத்தத்தான் தேடினேன்."

"ஏன் கேக்கலை?"

"கேட்டா போடுவ. அது எதுக்கு?" போர்வையை இழுத்துக்கொண்டாள். "உங்கம்மாவ நான் எப்பவோ மன்னிச்சிட்டேன். எங்கம்மாவத்தான் முடியல. போய்ச் சேர்ந்துட்டாங்க, இன்னும் முடியல. நீ என்னைப் பத்தி எழுதுவ, தெரியும். எழுது. ஐயோ பாவம்னு எழுதாத. தெய்வம், அம்மன்னும் எழுதிடாத. அது அதவிட மோசம்."

பிரெஞ்சுச் சட்டப்படி, மணமான பெண் கணவனின் அனுமதி இல்லாமல் வேலைக்குப் போகவும் தன் பெயரில் வங்கிக் கணக்கு திறக்கவும் முடிந்தது 1965 ஜூலை 13க்குப் பிறகுதான். மூன்று நாள் கழித்து, ஜூலை 16இல், ஷமோனியில் இருந்து இத்தாலிக்குப் போகும் மோன் பிளாங் சுரங்கச் சாலையைத் திறந்தார்கள். மேற்கு ஐரோப்பாவின் உச்சி மலையைப் பதினொன்றரைக் கிலோமீட்டர் குடைவதும் பெண்ணுக்கு ஒரு பாஸ்புக் கொடுப்பதும் ஒரே வாரத்தில் கைகூடியிருக்கிறது. அக்கா வேலைக்குச் சேர்ந்தபோது அந்தச் சட்டம் வந்து இருபது வருடத்துக்கு மேல். அவளுடைய முதல் வங்கிக் கணக்கு 2017இல், அத்தான் இறந்தபிறகு.

மறுநாள் தெற்கே திரும்பினோம். நாங்கள் தொட்டுவந்த பனியின் நீரும் அதே திசையில்தான் போகிறது. பள்ளத்தாக்கில் ஆர்வ் ஆறாகி, ஜெனீவாவில் ரோனில் கலந்து, லியோன், அவிஞோன் வழியாக மத்தியதரைக் கடலுக்கு. கிரெனோபிள் பக்கம் போய் ரோன் பள்ளத்தாக்கில் இறங்கியதும் பனி காணாமல்போய் மிஸ்த்ரால் என்னும் வடகாற்று தொடங்கியது. வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும் காற்று. அக்கா பேச்சை நிறுத்திவிட்டு 90க்கு மேல் போகாமல் ஓட்டினாள். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். "அடிக்கட்டும்" என்றாள்.

ஆர்ல் நகரத்துக்குச் சற்று மேலே ரோன் இரண்டாகப் பிரிகிறது. நடுவில் காமார்க் என்னும் டெல்டா. சாலை தட்டையானதும் அக்கா ஜன்னலை இறக்கினாள். சேற்று வாசம். இரண்டு பக்கமும் அறுத்துவிட்ட வயல், தாள் நிற்கிறது, வரப்பு, வாய்க்கால், நாணல். "ஏய், நெல்லுடி இது!" நெல்தான். இரண்டாம் உலகப்போரின்போது இந்தோசீனாவில் இருந்து பிரான்ஸ் கொண்டுவந்த ஏறத்தாழ 20,000 தொழிலாளர்களில் சிலரை இங்கே அனுப்பி நெல் சாகுபடியைப் பெருக்கினார்கள். காரைக்கால் துறைமுகத்தில் இருந்து ரெயூனியனுக்கும் குவாதலூப்புக்கும் கரும்பு வெட்டக் கப்பலேற்றப்பட்டவர்களின் கதையோடு சேர்த்துப் படிக்கவேண்டியது அது. நெல்லுக்கு அப்பால் உவர்நீர் ஏரிகள், கோடியக்கரையில் குளிர்காலத்தில் இறங்கும் அதே பூநாரைகள், உப்பளம். வேதாரண்யத்துக்கு வந்துவிட்டோமோ என்று இருந்தது. வெயிலும் குறைவு, கொசுவும் குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம்.

சாலை முடிகிற இடம் செந்த் மாரி தெ லா மெர் என்னும் கடற்கரை ஊர். கோட்டைபோல ஒரு மாதாகோயில். அதன் நிலவறையில் சாரா இருக்கிறாள். கருப்பு நிறத்தவள். சாரா லா காளி என்று நாடோடி ரோமா மக்கள் கூப்பிடுகிறார்கள். இந்தியாவில் இருந்து போனவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். துடுப்பில்லாத படகில் கரையேறிய இரண்டு மரியாள்களுக்கு அவள் வேலைக்காரியாக இருந்தாள் என்பது கதைகளில் ஒன்று. மே 24இல் அவளைத் தோளில் தூக்கிக் கடலுக்குள் கொண்டுபோய்த் திரும்புகிறார்கள். ஜனவரியில் யாரும் இல்லை. தாழ்ந்த கூரை, மெழுகுவர்த்திப் புகையில் கறுத்த கல், அனல். இரண்டு வாரத்தில் முதல் முறையாக எனக்கு வியர்த்தது.

யார் யாரோ நேர்ந்துகொண்டு போட்ட அங்கிகள், ஒன்றன்மேல் ஒன்றாக, சாராவை மூடியிருந்தன. முகம் மட்டும் தெரிந்தது. அக்கா ரொம்ப நேரம் பார்த்தாள். "வேலைக்காரிங்கிற. இவ்வளவு துணிய மேல போட்டு வச்சிருக்காங்க" என்றாள். பிறகு அங்கியின் ஓரத்தை லேசாக நகர்த்திப் பார்க்கப்போனவள், பின்னால் காலடிச் சத்தம் கேட்டு விட்டுவிட்டாள். என்னிடம் இரண்டு யூரோ சில்லறை வாங்கி மெழுகுவர்த்தி ஏற்றினாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

கடலில் அலையே இல்லை. எங்கள் ஊர்க் கடலைப் பார்த்தவளுக்கு அது ஏரி. 2004 டிசம்பருக்குப் பிறகு கடலுக்கு முதுகைக் காட்டி நிற்க எனக்கு வராது. இங்கேயும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, குளிரக் குளிர நின்றாள். பாரிஸில் பேண்ட் போடுகிறவள், இதற்கென்று புடவை கொண்டுவந்திருக்கிறாள். மகன் போன் செய்தான். எங்கே, யார் ஓட்டுவது, திரும்பி வரும்போது ரயிலில் வந்துவிடலாமே, வண்டியை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்றான். அவள் பிரெஞ்சிலேயே ஏதோ சொல்லி வைத்துவிட்டாள்.

மூன்று மணிக்கெல்லாம் வெளிச்சம் சாயத் தொடங்கியது. கண்ணாடியில் உப்பு படிந்திருந்தது. துடைத்தேன். அக்கா உள்ளங்கையில் ஊதி ஊதிச் சூடாக்கிக்கொண்டு, விரல்களை மடக்கி விரித்து, ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.

"எண்ணூறு கிலோமீட்டர் இருக்கு. லியோன்ல படுத்துட்டுப் போவோம். நீ தூங்கிடாத, பேசிக்கிட்டே வா."